மாப்பிள்ளைக் கோட்டும் மறைந்திருக்கும் துணியும்

நிக்காஹ் மேடையில் அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையின் கோட்டை ஊரே பார்க்கிறது. துணி எந்த ஆலையினது, தைத்த கடை எந்த நகரத்தது, கூலியும் துணியுமாக எத்தனை ஆயிரம் ஆயிற்று என்பதெல்லாம் வலிமா விருந்து முடிவதற்குள் தெருவெங்கும் பரவிவிடுகின்றன. அந்தக் கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இஃதும் ஒரு கேள்வியா என்று வாசக அன்பர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். சென்ற ஆண்டு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

நமக்கு நெருங்கிய உறவுக் குடும்பம் ஒன்று அருப்புக்கோட்டையில் இருக்கிறது. சிறிய மளிகைக் கடைதான் வாழ்வாதாரம். மூத்த பெண்ணைத் திருச்சுழிக்குத் தெற்கே, குண்டாற்றை ஒட்டிய ஊர் ஒன்றில் நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். மாப்பிள்ளைக் கோட்டு பெண்வீட்டார் செலவு என்பது நம் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். மாப்பிள்ளை தாமே பெருநகரக் கடையொன்றைத் தேர்ந்தார், அளவு கொடுத்தார். பெண்ணின் அத்தா கைமாற்று வாங்கி இருபத்திரண்டாயிரம் ரூபாயைக் கட்டினார். ரசீதில் ‘முழுக் கான்வாஸ்’ என்று அச்சிட்டிருந்தது. அதன் பொருள் என்னவென்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஏதோ உயர்ந்த சரக்கென்று மட்டும் புரிந்துகொண்டோம்.

நிக்காஹ் நடந்து ஒன்பது மாதம் கழித்து, உறவில் இன்னொரு திருமணத்திற்காக அந்தக் கோட்டை எடுத்தார்கள். இடையில் ஒரே ஒருமுறை உலர்சலவைக்குப் போயிருந்தது. மார்பின் இருபுறமும், மழைக்காலத்துச் சுண்ணாம்புச் சுவர் உப்புவது போலக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. இஸ்திரி போட்டால் ஒரு கணம் அமுங்குகின்றன. சூடு ஆறியதும் மீண்டும் எழுகின்றன. அருப்புக்கோட்டையில் ஐம்பது ஆண்டுகளாக ஊசி பிடித்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, கோட்டின் கீழ் விளிம்பில் நாலு விரற்கடை அளவுக்கு லைனிங்கைப் பிரித்தார். உள்ளே விரலை விட்டார். பிறகு நம் விரலைப் பிடித்து உள்ளே விட்டார். அங்கே கான்வாஸே இல்லை. வெளித்துணியின் பின்புறத்தில் மெல்லிய துணியொன்று பசையால் ஒட்டப்பட்டு, பாதி ஒட்டியும் பாதி விட்டும் கிடந்தது.

கடைக்குப் போனார் பெண்ணின் அத்தா. ரசீதைக் காட்டினார். “உள்ளே இருக்கிறதை யாரு பாய் பார்க்கப் போறா? மாப்பிள்ளைக் கோட்டு ஒருநாள் போடுறதுதானே!” என்பது அங்கே கிடைத்த மறுமொழி. வேண்டுமானால் இலவசமாக இஸ்திரி போட்டுத் தருவதாகவும் பெருந்தன்மை காட்டினார்கள்.

கடைக்காரரின் பேச்சு நமக்கு வியப்பளிக்கவில்லை. விற்றவர் வேறென்ன சொல்வார்? அதே பேச்சை நம் சொந்தபந்தங்களின் வாயிலும் கேட்டோமே, அதுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. “அன்றைக்கு நல்லாத்தானே இருந்துச்சு. படத்திலேயும் நல்லா விழுந்திருக்கு. பிறகென்ன?” என்று கற்றவர்களே கேட்டார்கள். வழக்கு அந்தக் கேள்வியோடுதான்.

முதலில் கோட்டு என்பது என்ன என்று பார்ப்போம். சட்டையைப் போல அஃது ஒரே துணியால் ஆனதன்று. வெளியே தெரிவது ஒன்று. உடம்பில் படும் லைனிங் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு துணி உண்டு. கோட்டுக்கு உருவம் தருவதும், அதை நிமிர்ந்து நிற்கச் செய்வதும் இந்த மூன்றாவது துணியே. பழைய முறையில் இது பருத்தி, சணல்நார், கம்பளி இவற்றில் நெய்யப்பட்டு, மார்புப் பகுதியில் குதிரைமயிர் கலந்த துண்டு சேர்க்கப்பட்டதாயிருக்கும். தையற்காரர்கள் கான்வாஸ் என்பது இதைத்தான். இதனை வெளித்துணியோடு இழுத்துப் பிடித்துத் தைப்பதில்லை. நீண்ட, தளர்ந்த தையலால் கையாலேயே பிணைப்பார்கள். அப்போதுதான் இரண்டு துணிகளும் தனித்தனியே அசைய இடமிருக்கும். கழுத்திலிருந்து மார்பின்மேல் மடிந்து விழும் லேப்பலில் மட்டும் நூற்றுக்கணக்கான சிறு சாய்தையல்கள் விழும். ஒவ்வொன்றும் வெளித்துணியின் ஓர் இழையை மட்டுமே தொட்டுத் திரும்ப வேண்டும். துணியின் முகப்பில் ஊசி போன சுவடு தெரியக் கூடாது. தைக்கும்போதே அந்த மடிப்பை விரலில் வளைத்துப் பிடித்துக்கொண்டு தைப்பதால், அந்த வளைவு கோட்டின் ஆயுள் உள்ளவரை அதிலேயே தங்கிவிடுகிறது. லண்டன் மாநகரின் சாவில் ரோ என்னும் தெருவில், உயர்தரத் தையற்கடைகளின் சங்கம் ஒரு முழு உடுப்புக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த 50 மணியில் பெரும்பகுதி போவது கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களில்தான்.

இன்னொரு முறை பசை முறை. பியூசிங் என்று கடைகளில் பெயர். ஒரு மெல்லிய துணியில் செயற்கைப் பிசின் புள்ளி புள்ளியாகத் தெளிக்கப்பட்டிருக்கும். வெளித்துணியின் பின்புறத்தில் வைத்துச் சூடான எந்திரத்தில் அழுத்தினால் சில நொடிகளில் ஒட்டிக்கொள்ளும். 1960களில் உலகெங்கும் ஆயத்த ஆடைத் தொழிலில் பரவிய முறை இது. இதனால் கோட்டின் விலை குறைந்தது. சாதாரண மனிதனும் கோட்டு அணிய முடிந்தது. அதை நாம் குறைகூறவில்லை. நல்ல பிசினை, உரிய சூட்டில், உரிய அழுத்தத்தில் ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். மட்டமான பிசினோ அவசர ஒட்டலோ ஆனால், உலர்சலவையின் இரசாயனமும் இஸ்திரியின் நீராவியும் சேர்ந்து பிடியைத் தளர்த்திவிடும். மேல்துணி ஓர் அளவிலும் உள்துணி வேறோர் அளவிலும் சுருங்கும். இடையில் காற்றுப் புகுந்து கொப்புளம் எழும்பும். ஒருமுறை எழும்பிய கொப்புளத்தை எந்தத் தையற்காரராலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. பிரித்தெடுத்தாலும் பிசினின் கறை துணியில் தங்கிவிடுகிறது. தையலால் பிணைத்ததோ எப்போதும் பிரித்துத் தைக்கத்தக்கது.

நம் வறண்ட சீமையில் இதன் விளைவு இன்னும் விரைவில் தெரிகிறது. சித்திரை வைகாசியில் நிழலிலேயே வெப்பம் 40 பாகையை நெருங்கும் நாடு இது. சீமைக் கருவேலங் காட்டைத் தழுவி வரும் காற்றில் ஈரம் கிடையாது. அந்த வெயிலில் பந்தலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் வியர்வை முழுவதும் எங்கே போகும்? லைனிங் நல்லதாயிருந்தால், அதாவது மரக்கூழ் இழையிலோ பருத்திக் கழிவின் இழையிலோ நெய்ததாயிருந்தால், ஈரத்தை வாங்கிக்கொண்டு மெல்ல வெளியே விடும். பாலியஸ்டராயிருந்தால் வாங்காது, வியர்வை சட்டையிலேயே ஊறும். தொட்டுப் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே வழுவழுப்பாயிருக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். அணிந்திருப்பவன் உடம்புக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். மாப்பிள்ளை ஏன் இப்படிக் கைக்குட்டையும் கையுமாக இருக்கிறார், கூச்சமா என்று பந்தலில் கேலி பேசுவோரும் உண்டு!

தையலோரங்களில் உள்ளே மடித்து விடும் துணியையும் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வயதில் மாப்பிள்ளையாகும் இளைஞன் முப்பத்து நான்கில் அதே உடம்போடு இருப்பதில்லை. நெய்ச்சோறும் கறியும் சும்மா விடுமா? முதுகுத் தையலிலும் பக்கத் தையலிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தால், பிரித்து அகலப்படுத்திக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அத்தாவின் கோட்டை மகனுக்கு மாற்றித் தைத்தது இப்படித்தான். இப்போது பல கோட்டுகளில் விரல் நுனி அளவே துணி விடுகிறார்கள். மிச்சம் பிடித்த துணி யாருடையது? விலை கொடுத்தவருடையதன்றோ?

இனி, ‘யார் பார்க்கிறார்கள்?’ என்ற வாதத்திற்கு வருவோம்.

பார்ப்பதற்காக மட்டுமே ஒரு பொருள் எனில், அதற்கு அந்த விலையைக் கேளுங்கள் என்பதுதான் நம் மறுமொழி. ஒட்டுக் கோட்டை ஒட்டுக் கோட்டு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பவர் மீது எவருக்கும் குறையில்லை. ஒருநாள் உடுப்புக்கு அதுவே போதும் என்று வாங்குபவர் அறிவாளியாகவே இருப்பார். ஆனால் இருபத்திரண்டாயிரம் ரூபாயில் பெரும்பங்கு எதற்காக வாங்கப்பட்டது? கண்ணுக்குத் தெரியாத கைவேலைக்காக வாங்கப்பட்டது. விலையைச் சொல்லும்போது உள்ளே இருப்பதைக் காட்டி உயர்த்துகிறார்கள். குறையைச் சுட்டும்போது உள்ளே இருப்பதை யார் பார்க்கிறார் என்று கேட்கிறார்கள். இரண்டில் ஏதேனும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நம் மார்க்கத்தில் இது புதிய பிரச்சினையே அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலின் உள்ளே திருக்கரத்தை விட்டுப் பார்த்ததும், அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்பவரைக் கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்ததும் மக்தப் பிள்ளைகளும் அறிந்த ஹதீது. ஜும்ஆ மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: நாயகம் (ஸல்) அவர்கள் மேலே பார்த்துத் திருப்தியடையவில்லை, கையை உள்ளே விட்டார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 505இல் மறைந்தவர்கள், இஹ்யா உலூமித்தீனில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளைச் சொல்லும் பகுதியில் ஒரு செருப்புத் தைப்பவரின் கதையைத் தருகிறார்கள். செருப்பு விற்பதில் பாவத்திலிருந்து தப்புவது எப்படி என்று அவர் இப்னு ஸாலிம் என்னும் பெரியாரிடம் கேட்கிறார். கிடைத்த மறுமொழியைப் பாருங்கள். இரு முகங்களையும் சமமாக்க வேண்டுமாம். வலக்கால் செருப்பை இடக்கால் செருப்பைவிட உயர்த்திக் காட்டலாகாதாம். தையல்களை நெருக்கிப் போட வேண்டுமாம். ஒரு செருப்பின்மேல் மற்றதைக் கவிழ்த்து வைத்து மறைக்கலாகாதாம். இவற்றோடு, உள்ளே வைக்கும் திணிப்பை நல்லதாக, துண்டு துண்டாயில்லாமல் முழுமையான ஒன்றாக வைக்க வேண்டுமாம்! செருப்பின் உள்ளே வைத்துத் தைத்த திணிப்பை வாங்குபவர் எந்தக் காலத்தில் பார்க்கப் போகிறார்? ஆயினும் மறுமையில் தப்பும் வழி எது என்று கேட்டவருக்குக் கிடைத்த விடையில் அதுவும் இடம்பெற்றுவிட்டது. அருப்புக்கோட்டை முதியவர் இஹ்யாவைப் படித்தவரல்லர். கோட்டைப் பிரித்துக் காட்டியபோது அவர் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

அடுத்து, இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட ஒரு வினா அதே நூலில் வருகிறது. கிழிந்த துணியைத் தெரியாதபடி இழைகோத்துச் செப்பனிடுவது பற்றியது. விற்பவர் அதை மறைப்பது ஆகாது என்றார்கள். செப்பனிடும் தொழிலாளிக்கோ, துணிக்குரியவர் அதை வெளிப்படுத்திச் சொல்வார் என்றோ, விற்பதற்காக அன்று என்றோ தெரிந்தால் மட்டுமே அந்த வேலை ஆகும் என்றார்கள். விற்பவரோடு கைவேலைக்காரரும் பொறுப்பில் சேர்க்கப்படுகிறார் என்பதை நம் தையற்கூடங்களில் வேலை பார்க்கும் சகோதரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாளி சொன்னார், ஒட்டினேன் என்று கையைக் கழுவ இயலாது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ துணி வணிகர். கூஃபா நகரில் கடை வைத்திருந்தவர்கள். தொழிற் கூட்டாளியிடம் சரக்கை அனுப்பும்போது, அதில் ஒரு துணியில் குறையிருக்கிறது, விற்கும்போது எடுத்துச் சொல் என்று சொல்லியனுப்பினார்கள். கூட்டாளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் நினைவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அந்தக் குறையை வாங்கியவர் ஒருவேளை கடைசிவரை பார்க்காமலே இருந்திருக்கலாம். யார் பார்க்கிறார்கள் என்று இமாமவர்கள் கேட்கவில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. கைமாறுவதற்கு முன்பே பொருளில் இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பதில் ஹனஃபி மத்ஹபும் ஷாஃபியீ மத்ஹபும் ஒன்றுபடுகின்றன. அணிந்துவிட்டீர்களே, இனி எப்படித் திருப்ப முடியும் என்று கடைக்காரர் கேட்டால், அதற்கும் ஃபிக்ஹு விடை வைத்திருக்கிறது: வாங்கியவர் கையில் வேறு குறை சேர்ந்து திருப்ப இயலாமற்போனால், முன்னிருந்த குறையால் குறைந்துபோன மதிப்பை விலையிலிருந்து திரும்பப் பெறலாம். நாட்டுச் சட்டத்திலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட வழியுண்டு. ஆனால் நம் மக்களில் எத்தனை பேர் ஒரு கோட்டுக்காக அந்தப் படியேறுவார்கள்? ‘கல்யாணச் செலவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனான்’ என்ற பேச்சுக்கு அஞ்சியே பெண்வீட்டார் வாய்மூடிவிடுகிறார்கள்.

வேதனை என்னவெனில், மூடிய பொருளின் உள்ளே பார்ப்பதில் நம் சீமை மக்களுக்கு நிகரில்லை. மல்லியோ மிளகாயோ மூட்டை வந்து இறங்கினால், வாயைக் கட்டியிருக்கும்போதே குத்தூசியை நடுவயிற்றில் செருகி இழுத்து, உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்க்கும் வியாபாரிகள் நாம். கருவேலங்கரி வாங்கினால் மூட்டையின் நடுவில் தூளும் மண்ணும் இருக்கிறதா என்று கொட்டிப் பார்க்கிறோம். வீடு கட்டினால், கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும் என்று தெரிந்து, எவர் கண்ணிலும் படாத அஸ்திவாரத்தில் பணத்தைக் கொட்டுகிறோம்.

அருப்புக்கோட்டையோ நெசவுக்குப் பேர்போன ஊர். அவ்வூர்ப் பருத்திச் சேலையை வாங்குகிற நம் பெண்கள், முந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்து, கஞ்சியின் விறைப்பு எவ்வளவு, நூலின் அடர்த்தி எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். பாவு நூல் தறியில் அறுந்துபோகாதிருக்கக் கஞ்சி வேண்டும், அது குற்றமன்று. ஆனால் இழையைக் குறைத்துக் கஞ்சியால் கனத்தைக் காட்டினால், முதல் துவைப்பிலேயே சேலை வலைபோலாகிவிடும். கடைக்காரர் எவ்வளவு பேசினாலும், ‘இது கஞ்சிக் கனம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். ஐந்நூறு ரூபாய்ச் சேலைக்கு இத்தனை ஆராய்ச்சி செய்யும் அதே குடும்பம், இருபதினாயிரம் ரூபாய்க் கோட்டுக்குள் ஒரு விரலைக்கூட விட்டுப் பார்க்கவில்லை!

ஏன் பார்க்கவில்லை? இதற்கு விடை தேடினால் பழி கடைக்காரரோடு நிற்காது. நம் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். சேலைக்குப் பணம் கொடுப்பவளும் உடுத்துபவளும் ஒருத்தியே. கோட்டுக்குப் பணம் கொடுப்பவர் பெண்ணின் அத்தா. கடையைத் தேர்பவர் மாப்பிள்ளை. அணிந்து பார்ப்பவரும் அவரே. பணம் கொடுப்பவர் கேள்வி கேட்டால் கஞ்சன் என்ற பெயர் வரும். சம்பந்திவீட்டு மனம் கோணும். அணிபவருக்கோ விலை தம் கையிலிருந்து போகாததால் கேட்க வேண்டிய தேவையில்லை. இந்த இடைவெளியைக் கடைக்காரர் நன்கறிவார். மஹரைக் கொடுத்து மணமுடிக்கக் கடமைப்பட்டவர்கள் கைக்கூலியும் சீர்வரிசையும் வாங்கும் வழக்கத்தை எத்தனையோ ஆலிம்கள் கண்டித்துவிட்டனர். அந்தத் தீமையின் இந்தச் சிறு கிளையையும் சேர்த்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். தம் கோட்டுக்குத் தாமே பணம் கட்டும் மாப்பிள்ளை, லைனிங்கைத் திருப்பிப் பார்க்காமல் கடையை விட்டு இறங்கமாட்டார்.

கேட்கிற கேள்விகளும் தவறான கேள்விகளே. துணியின் ஓரத்தில் ‘சூப்பர் 120’ என்று நெய்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த எண் கம்பளி இழையின் மென்மையைக் குறிப்பது. 120 எனில் இழையின் தடிமன் 17.75 மைக்ரானுக்கு மேற்படாது என்று பொருள். எண் ஏற ஏறத் துணி மெல்லிதாகும், வழவழப்பாகும். உறுதி கூடுமென்று பொருளில்லை. மெல்லிய துணிக்குத்தான் உள்ளே நல்ல கான்வாஸ் மிகுதியும் தேவை. அதன்மேல் பசையைத் தடவினால் கொப்புளம் இன்னும் துலக்கமாகத் தெரியும். எண்ணுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே கோட்டை விடுகிறோம். (இச்சிலேடை நம் திட்டத்தில் இல்லை, தானே வந்து விழுந்தது.)

தையற்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தால் நாமும் குறையை மறைத்து விற்பவராகிவிடுவோம். அந்த முதியவர் சொன்னார்: “ஒரு கான்வாஸை உட்கார்ந்து கையால் தைக்க எனக்கு ரெண்டு முழு நாள் ஆகும். பத்து நாளில் வேணும், கூலியிலே ஆயிரத்தைக் குறைச்சுக்கோ என்கிறாங்க. காஜா எடுக்கிற பையனுக்குக்கூட மிஞ்சாது. எவன் செய்வான்?” உண்மைதான். நிக்காஹ் தேதியை மூன்று மாதம் முன்பே குறித்துவிட்டு, கோட்டுக்கு மட்டும் பத்து நாள் கொடுப்பவர்கள் நாம். கையால் தைக்கிற கோட்டு, பாதி வேலையில் ஒருமுறையாவது உடம்பில் போட்டுப் பார்த்துத் திருத்தப்பட வேண்டும். அதற்கு நாள் வேண்டும். நாளும் தராமல், கூலியும் தராமல், கான்வாஸும் வேண்டும் என்றால் பொய் சொல்லத் தெரிந்தவர்தான் ஒப்புக்கொள்வார். மெய் சொல்பவர், ‘இந்தக் காசுக்கு ஒட்டுத்தான் வரும்’ என்பார். உடனே அவரை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். மெய் சொன்னவர் கடையில் கூட்டமில்லை. இதற்கு நாமும் மறுமையில் விடை சொல்ல வேண்டியிருக்குமோ என்னவோ.

கோட்டே நமக்கு எதற்கு, அந்நியர் உடையன்றோ என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நமக்கு அண்மையிலுள்ள மதுரையில்தான் 1921இல் காந்தியடிகள் சட்டையையும் துறந்து நான்கு முழ வேட்டிக்கு மாறினார். அந்த எளிமையை மேற்கொள்பவர்களை நாம் வணங்கி வழிவிடுகிறோம். ஆனால் பிற நாட்டு வெட்டு என்பதற்காக மட்டும் ஓர் உடை இழிவாகிவிடாது. கைகள் குறுகிய ஷாம் நாட்டு ஜுப்பாவை நாயகம் (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அணிந்திருந்ததும், ஒளுச் செய்யும்போது கையை மேலே சுருட்ட முடியாமல் அடிவழியாக வெளியே எடுத்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கோட்டு வேண்டாமென்பவர் தைக்க வேண்டாம். தைப்பதென்று முடிவெடுத்தபின் அது எப்படித் தைக்கப்பட்டது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

உடையின் உள்ளடுக்குகளைப் பற்றி நம் முன்னோர்கள் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தார்கள் என்பதற்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்களுக்குப் பட்டு விலக்கு. அங்கியின் மேல்துணி பட்டாயிருந்தால் என்ன, லைனிங் மட்டும் பட்டாயிருந்தால் என்ன, இரண்டிற்கும் நடுவே திணித்த பஞ்சு பட்டுப் பஞ்சாயிருந்தால் என்ன என்று ஃபிக்ஹு நூல்கள் தனித்தனியே ஆராய்கின்றன. மேலதையும் லைனிங்கையும் விலக்கி, நடுவில் திணிப்பதில் குற்றமில்லை என்கின்றன. ஆக, மாப்பிள்ளையின் கோட்டில் லைனிங் எதுவென்று கேட்பது மார்க்கக் கடமையாகவே ஆகிவிடுகிறது. பளபளக்கும் அந்த உள்துணி பட்டா, பாலியஸ்டரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் இல்லங்களில் நாள்தோறும் ஓதப்படும் அர்ரஹ்மான் சூராவில், சொர்க்கவாசிகள் சாய்ந்திருக்கும் விரிப்புகளைச் சொல்லுமிடத்தில், அவற்றின் உள்துணி கனத்த பட்டு என்று வல்ல இறைவன் அறிவிக்கிறான். மேல்துணி எதுவென்று அங்கே சொல்லப்படவில்லை. உள்துணியே இப்படியென்றால் மேல்துணி எப்படியிருக்கும் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியந்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். நாம் தைக்கக் கொடுக்கும் கோட்டில் மேல்துணியின் பெயர் பொன்னெழுத்தில் நெய்திருக்கிறது. உள்துணிக்குப் பெயரே இல்லை.

ஷவ்வால் பிறை கண்டதும் நம் பக்கத்தில் நிக்காஹ்கள் தொடங்கிவிடும். கோட்டுக்கு அளவு கொடுக்கப் போகிறவர்கள் கடையில் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. தைத்து வைத்திருக்கும் கோட்டு ஒன்றை எடுத்து, கீழ்ப் பொத்தானுக்குக் கீழே முன்பக்கத் துணியை இருபுறமும் இரு விரல்களால் கிள்ளிப் பிடித்து மெல்லப் பிரித்து இழுத்துப் பாருங்கள். வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியே நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் அது கான்வாஸ். வெளித்துணி அட்டைபோல் கனத்து, நடுவில் ஒன்றும் நழுவாவிட்டால் அஃது ஒட்டு. மார்பில் மட்டும் கான்வாஸ் வைத்துக் கீழே ஒட்டும் முறையும் உண்டு. ஆகையால் இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும். லைனிங் என்ன இழை, தையலோரத்தில் எத்தனை அங்குலத் துணி விடுவீர்கள் என்று கேளுங்கள். சொன்னதை ரசீதில் மையால் எழுதி வாங்குங்கள். எந்திரத்தில் சூட்டால் அச்சாகும் இக்காலத்துச் சீட்டில் எழுத்துகள் சில மாதங்களில் மங்கிவிடுகின்றன.

பெண்ணின் அத்தா பத்திரமாக வைத்திருந்த சீட்டும் அப்படித்தான் ஆயிற்று. ‘முழுக்’ என்பது மட்டும் இப்போது படிக்க முடிகிறது. கோட்டைப் பிரித்து உள்ளே கான்வாஸ் வைத்துத் தர முடியுமா என்று முதியவரிடம் கேட்டோம். துணியின் முகப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பசை இழைக்குள் இறங்கிவிட்டது, காசை வீணாக்க வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரித்துத் தைத்ததற்குக் கூலியும் வாங்கிக்கொள்ளவில்லை. கோட்டு இப்போது திருச்சுழிப் பக்கத்து அந்த வீட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் ஆணியில் தொங்குகிறது. கைமாற்றில் இன்னும் நாலாயிரம் ரூபாய் பாக்கி.